சாம்பார் வாளியும் தையல் விட்ட வயிறும்

பந்தி பரிமாறுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. கையில் என்ன பாத்திரம் இருக்கிறதோ அதுதான் பெயர். "ஏ சாம்பார், இங்கன வா!" "அப்பளம், அந்தக் கடைசி இலையைப் பாரு!" "ரசம் எங்கவே போச்சு?" என்று கூப்பிடுவார்கள், நாங்களும் திரும்பிப் பார்ப்போம். என் சொந்தப் பெயர் சரஸ்வதி, வீட்டில் சரசு. ஆனால் திருநெல்வேலி, பாளையங்கோட்டை மண்டபங்களில் என்னைச் சாம்பார் என்றால்தான் தெரியும்.

அந்தப் பெயரை நான் சும்மா வாங்கவில்லை. எங்கள் பரிமாறும் செட்டுக்குத் தலைவர், அதாவது மேஸ்திரி, செல்லப்பா அண்ணாச்சி. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான்: தூக்க முடிந்தவனுக்கு வாளி, முடியாதவனுக்கு உப்பு. புதிதாக வருகிறவர்கள் உப்பும் ஊறுகாயும் வைக்க வேண்டும். பிறகு அப்பளம், கூட்டு, பொரியல், பாயசம் என்று பைய ஏறி, தோளும் இடுப்பும் ஒத்துழைத்தால் சாம்பார் வாளி கைக்கு வரும். எங்கள் செட்டில் அந்த வாளியை வாங்கிய முதல் பொம்பளை நான்தான். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி, ஒவ்வொரு இலைக்கும் இடுப்பிலிருந்து ஒரு குனிவு. அந்தக் குனிவுதான் என்னைக் கவிழ்த்தது. வயிற்றில் தையல் போட்டவர்கள், போட்ட பிறகும் சும்மா இருக்கத் தெரியாதவர்கள் எல்லோரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இது நம் ஆட்கள் கதை.

வாயு என்று நினைத்தது

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி, இரண்டாம் பந்தியில் வலது பக்கம் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. எங்கள் தொழிலில் எந்த வலிக்கும் பெயர் வாயுதான். ஊரெல்லாம் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு ஆறிப்போனதைத் தின்கிறோம், வாயு வராமல் வேறென்ன வரும்? கூடப் பரிமாறும் கோமு ஓடிப்போய் ஒரு சோடா வாங்கி வந்தாள். அதைக் குடித்துவிட்டு மூன்றாம் பந்திக்கும் வாளியைத் தூக்கினேன்.

மறுநாள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குடல்வால் உள்ளேயே உடைந்து சீழ் பரவிவிட்டது என்றார்கள். சின்னத் துளையில் முடிந்திருக்க வேண்டிய ஆப்பரேஷன் ஒரு சாண் கீறலில் முடிந்தது. அந்தக் கீறலும் சீழ் வைத்தது. ஆடி முழுக்கக் கட்டு மாற்றிக்கொண்டு கிடந்தேன்.

அண்ணாச்சி ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாகப் பார்க்க வந்தார். அவர் எங்கே நின்றாலும் ஒரே மாதிரிதான் நிற்பார். வலது கையை வேட்டி முடிச்சுக்குக் கீழே பதித்துக்கொண்டு, கொஞ்சம் சாய்ந்து, ஜமீன்தார் படம் பிடிக்க நிற்கிற மாதிரி. அந்தத் தோரணையைப் பார்த்தாலே எங்களுக்கு முதுகு நிமிரும். அப்படியே கட்டில் ஓரமாக நின்று என் கட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வயித்துக்குள்ள இருந்து ஒரு துண்டத்தானே எடுத்திருக்காவ, கையில ஒண்ணும் எடுக்கலயே? அப்ப ஆவணிக்கு வந்திருளா."

தானாக வந்து தானாகப் போவது

ஆவணிக்குப் போய்விட்டேன். கனம் எதுவும் தூக்காதே என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். கனம் என்றால் அரிசி மூட்டை, சிமெண்டு மூட்டை என்று நான் எடுத்துக்கொண்டேன். சாம்பார் வாளியைக் கனம் என்று சொன்னால் என்னை நானே அவமானப்படுத்திக்கொள்வது போல இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் சமையற்கட்டில் மிளகாய் வறுத்த நெடி. இருமிக்கொண்டே வெளியே ஓடினேன். அப்போது சேலைக்குள், தழும்புக்குப் பக்கத்தில், ஏதோ எட்டிப் பார்த்தது. தொட்டேன், மெத்தென்று ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது. பாத்திர அறையில் போய்ப் படுத்தேன், காணோம். எழுந்து இருமினேன், மறுபடி வந்து நின்றது. வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யாரிடமாவது காட்டாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்ததால் கோமுவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்:

"தானா வருது, தானா போகுது, ஒரு பிரயோசனமும் இல்ல. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாம்க்கா, நான் கண்டுக்கிடுததே கிடையாது."

எனக்கு நடந்த வளைகாப்பு

நானும் கண்டுகொள்ளவில்லை. அது மட்டும் என்னை விடாமல் கண்டுகொண்டு வளர்ந்தது. கார்த்திகையில் அது தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்த அளவுக்கு வந்துவிட்டது. கொசுவத்தை அகலமாக வைத்துக் கட்டினேன். அப்படிக் கட்டினால் ஒரு பக்கம் புடைத்திருப்பது தெரியாது. முழு வயிறும் முன்னே வந்த மாதிரி இருக்கும்.

சீவலப்பேரியில் ஒரு வளைகாப்பு. புளியோதரைத் தட்டோடு நான் வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். பெண் வீட்டு அத்தை ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். என்ன ஏது என்று நான் கேட்பதற்குள் கண்ணாடி வளையல்களை எடுத்து என் கையில் ஏற்றத் தொடங்கிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சந்தனம் பூசினார்கள். "இது பிள்ள இல்லம்மா, குடலு" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. என் மகளுக்கே கல்யாண வயது. கோமு தூணுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நானும் சிரித்திருப்பேன், சிரித்தால் அது இன்னும் வெளியே வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த அத்தை புளியோதரைத் தட்டை என் கையிலிருந்து பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு அதட்டினாள்:

"வெக்கப்பட்டு என்னட்டி செய்ய, வந்தது வந்தாச்சு. வயித்துப்பிள்ளக்காரி கனம் தூக்கக்கூடாது. ஒங்க அண்ணாச்சிட்ட நான் பேசுதேன், நீ உக்காந்து சாப்பிடு."

டாக்டர் விட்ட சவால்

கை நிறைய வளையலோடு வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவர் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பெண் டாக்டர். என்னை இருமச் சொன்னார், படுக்கச் சொன்னார், தலையை மட்டும் தூக்கச் சொன்னார். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டி விளக்கினார். மேலே தோல் ஒட்டிவிட்டது, அடியில் இருக்கும் சதை ஒட்டவில்லை. சீழ் வைத்த இடம் பலம் பிடிப்பதற்குள் வாளியைத் தூக்கியதில் அது விரிந்துவிட்டது. அந்தச் சந்து வழியாகக் குடல் வெளியே வந்து போகிறது. மாத்திரையில் சேராது, வலை வைத்துத்தான் தைக்க வேண்டும். அதுவரை எதையும் தூக்கக்கூடாது. உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் அந்த நிமிடமே வர வேண்டும், இல்லையென்றால் குடல் அழுகி உயிருக்கே ஆபத்து.

எனக்கு உயிரைப் பற்றிய பயம் அப்போது வரவில்லை. வாளியைப் பற்றித்தான் பயந்தேன். ஆப்பரேஷன் என்றால் மாதக்கணக்கில் ஓய்வு. அதற்குள் வாளி வேறு கைக்குப் போய்விடும். போன வாளி திரும்பி வந்ததை எங்கள் செட்டில் நான் பார்த்ததில்லை. "தை முகூர்த்தம் முடியட்டும் டாக்டர்" என்றேன். எந்தச் செட்டு என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"தையில எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணம், உங்க செட்டுதான் பரிமாறுறாங்க. அங்க உங்க கையில வாளியப் பாத்தேன்னா, இலைய மடக்கிட்டு எந்திரிச்சிருவேன், சொல்லிட்டேன்."

ஊறுகாய் மூடி

அதுவரைக்கும் ஒரு வயிற்றுப் பெல்ட் கட்டிக்கொள்ளச் சொன்னார். வாங்கினோம். ஆனால் அது உட்கார்ந்து டி.வி. பார்க்கிறவர்களுக்கு ஆனது. எங்கள் அடுப்பங்கரைச் சூட்டில் வேர்த்து, சுருண்டு, மேலே ஏறி, நெஞ்சுக்கூட்டில் போய் நிற்கும். நானாக ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். ஊறுகாய்ச் சட்டியின் எவர்சில்வர் மூடி உள்ளங்கை அகலம் இருக்கும், கொஞ்சம் குழிவு, மேலே குமிழ் கிடையாது. அதை வயிற்றில் கவிழ்த்து, பழைய வேட்டிக் கிழிசலால் இறுக்கிக் கட்டினேன். முதல் பந்தி முடியும் வரை என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாம் பந்தியில் குனியும்போது வாளி அதில் இடித்து 'ணங்' என்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த இலையில் மறுபடி ணங். வரிசை முழுக்க ஆளாளுக்கு டம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள். கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே கடைசி இலை வரை போய்ச் சேர்ந்தேன். டாக்டரிடம் இதைப் பிறகு சொன்னபோது, அந்த மூடி குடலையே நசுக்கியிருக்கும் என்று திட்டினார். ஆகவே நீங்கள் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

பந்தி முடிந்ததும் வாடகைப் பாத்திரக்காரர் ஒரு மூடி குறைகிறது என்று நின்றுகொண்டார். சாக்கடை வரை தேடினார்கள். பாத்திர அறைக்குள் போய் அவிழ்த்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். மூடி சுடச்சுட இருந்தது. விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன், அண்ணாச்சி காதுக்குப் போக வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"களவாண்ட பாத்திரத்த இடுப்புல சொருகுன ஆளப் பாத்திருக்கேன். வயித்துக்கே மூடி போட்ட ஆள இப்பதாம்மா பாக்கேன்."

மடக்கிய இலை

தை வந்தது, டாக்டரின் அண்ணன் மகள் கல்யாணமும் வந்தது. டாக்டர் எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அதற்கு எதிர்ப்பக்கம் நான் பரிமாறுவது என்று கோமுவோடு பேசிவைத்தேன். அவள் கண்காணிப்பு. முதல் பந்தியில் அவர் வரவில்லை, இரண்டாவதிலும் வரவில்லை. வீட்டு ஆட்கள் உட்காருகிற கடைசிப் பந்தியில் எனக்கு அசதியில் கண் இருட்டியது. யார் என்று பார்க்காமல் ஒரு இலைக்குக் குனிந்து ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு, டாக்டர்.

அவர் வாளியைப் பார்த்தார். என் கொசுவத்தைப் பார்த்தார். பிறகு சொன்னபடியே இலையை மடக்கினார். சாம்பார் சோற்றில் ஒரு வாய்கூட எடுக்காத இலை. கல்யாண வீட்டில் இதைவிடப் பெரிய கலவரம் வேறு கிடையாது. பெண்ணின் அப்பா ஓடி வந்தார், மாப்பிள்ளை வீட்டார் எழுந்து பார்த்தார்கள், அண்ணாச்சி இடுப்பில் வைத்த கையை எடுக்காமலே வேகு வேகென்று வந்து, "சாப்பாட்டுல எதுவும் குறையாம்மா?" என்று கேட்டார். டாக்டர் கையைக் கழுவப் போகிற வழியில் நின்று சொன்னார்:

"சாப்பாட்டுல ஒரு குறையும் இல்ல. அந்தம்மா குடல் வெளிய வந்து நிக்குது, நீங்க வாளியத் தூக்கிக் குடுத்திருக்கீங்க. எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?"

உப்பு

அன்றைக்குச் சாயங்காலமே அண்ணாச்சி என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கோமுவிடம் கொடுத்தார். கத்தவில்லை, திட்டவில்லை. "சட்டம் சட்டந்தாம்ளா" என்றார், அவ்வளவுதான். அடுத்த கல்யாணத்தில் என் கையில் ஒரு கிண்ணமும் குட்டிக் கரண்டியும் இருந்தன. கோமு என் முகத்தைப் பார்க்காமல் வாளியோடு போனாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, உப்புக் கிண்ணத்தில் விழுந்துவிடக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சொல்லவே அவமானமாக இருக்கிறது. வீட்டில் நகை திருட்டுப்போனபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

சரி, வாளிதான் போய்விட்டதே, இனி ஆப்பரேஷனுக்காவது போனேனா? அதுவும் இல்லை. உப்புக்கு என்ன கனம், இனிமேல் ஆப்பரேஷன் எதற்கு என்று ஒரு புது வீம்பு. அடிக்கடி எங்கள் பந்தியில் சாப்பிடுகிற டவுன் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்ன சாம்பாரு, உப்பாயிட்டே? அடுத்த தடவ நான் வரும்போது வெறும் இலையா நிப்பே போலிருக்கே."

அண்டாவோடு ஒரு பயணம்

மாசியில் டவுனில் ஒரு மறுவீட்டுச் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் மறுவீடு என்றால் சொதிதான். தேங்காய்ப்பாலில் காய்கள் மிதக்க, இஞ்சிப் பச்சடியோடு மாப்பிள்ளைக்கு வைப்பது. அது கேட்ட நேரத்தில் இலைக்கு வராவிட்டால் பெண் வீட்டு மானம் போய்விடும். மாப்பிள்ளை வரிசையிலிருந்து "சொதி! சொதி!" என்று குரல் வருகிறது. கோமுவைக் காணோம். நிரம்பிய வாளி மேசை ஓரத்தில் நிற்கிறது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போய்விட்டது.

மாப்பிள்ளைக்கு ஊற்றினேன், மாப்பிள்ளைத் தோழனுக்கு ஊற்றினேன், அதற்குப் பிறகு வயிற்றில் சுரீர் என்று ஒன்று. வாளியைச் சிந்தாமல் கீழே வைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. பாத்திர அறையில் படுத்தேன், உள்ளே போகவில்லை. அமுக்கினேன், கல். பிறகு வாந்தி. டாக்டர் சொன்னது எல்லாம் வரிசையாக வந்துவிட்டது என்று தெரிந்ததும் முதல் தடவையாக உயிர்ப்பயம் வந்தது. மகள் கல்யாணத்தில் யாரோ பரிமாற, நான் படமாகச் சுவரில் தொங்குகிற மாதிரி ஒரு நினைப்பு.

காத்திருக்க நேரம் இல்லை என்று பாத்திர வேனிலேயே ஏற்றினார்கள். கழுவாத அண்டாக்களுக்கு நடுவில் ஒரு பந்திப் பாயை விரித்து, கோமு மடியில் என் தலை. கொக்கிரகுளம் பாலத்தில் ஏறும்போது அண்டாக்கள் எல்லாம் என் பக்கம் சாய்ந்தன. கோமு அலறினாள். டிரைவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"யக்கா, பயப்படாதீய. நீங்க அண்டாவப் புடிச்சுக்கிடுங்க, அண்டா ஒங்களப் புடிச்சுக்கிடும்."

மேசை மேல் ஒரு விசாரணை

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் கையுறையோடு நின்றார். "வந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதுகில் ஊசி போட்டதும் நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போனது, நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. தலைமாட்டில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் உட்கார்ந்து என் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குனிந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "எங்கயோ பாத்திருக்கேனே" என்றார். திடீரென்று அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீங்க சாம்பார்தானே?"

எனக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. ஆமாம் என்றேன். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டுக் கொஞ்ச நாளாகியிருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர், குடல் கறுக்கவில்லை, நல்ல நேரம், உள்ளே தள்ளிவிட்டு வலை வைத்துத் தைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பிழைத்துவிட்டேன் என்று புரிந்தது. தலைமாட்டில் இருந்தவர் தன் கவலையில் இருந்தார்:

"அன்னைக்குக் கல்யாணத்துல ரெண்டாவது தடவ சாம்பார் கேட்டேன், நீங்க திரும்பியே பாக்கலையேம்மா."

அண்ணாச்சியின் கை

வைகாசியில்தான் மறுபடி வேலைக்குப் போனேன். பெரிய வாளி இனி எப்போதுமே வேண்டாம் என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். ஆக, உப்பு. இந்தத் தடவை அழவில்லை. ஆனால் உப்பு வைக்கிற ஆளுக்கு ஒரு வசதி உண்டு. இலை போட்டதும் முதல் வேலையாக வைத்துவிட்டால், பிறகு பந்தி முடியும் வரை ஓரமாக நின்று எல்லோரையும் வேடிக்கை பார்க்கலாம்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணாச்சியைக் கவனித்தேன். வலது கை வேட்டி முடிச்சுக்குக் கீழே. ஜமீன்தார் தோரணை. அவருக்கு இருமல் வந்தது. இருமும்போது அந்தக் கை பதிந்திருந்த இடத்தை அமுக்கியது, இருமல் நின்றதும் தளர்ந்தது. அந்த அமுக்கு எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் நானும் அப்படித்தானே அமுக்கினேன். அண்ணாச்சி ஒரு வாளியைத் தூக்கி நான் எப்போது பார்த்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே இல்லை. பெரிய மனிதர், தூக்கமாட்டார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

சாப்பாடு முடிந்ததும் பாத்திர அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினேன். "அண்ணாச்சி, ஒங்களுக்கு எங்கன, அடிவயித்துலயா, தொடை இடுக்குலயா?" என்று நேராகக் கேட்டேன். முறைத்தார். மீசையைத் தடவினார். கோபம் வரும் என்று நின்றேன், அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வருசக்கணக்கா கூடவே வருதுளா. வெளிய தெரிஞ்சா எவன் என்னைய அண்ணாச்சிம்பான், என் சட்டப்படி நானே உப்புக்குல்லா போகணும். எம்பொண்டாட்டிக்கே தெரியாது, ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

புது மேஸ்திரி

ஆடியில் முகூர்த்தம் இல்லை. அந்த மாதத்தில் அவரை அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ஆப்பரேஷனுக்குப் படுக்கவைத்தோம். சிங்கம் மாதிரி இருந்த மனிதர், ஊசியைக் கண்டதும் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தன் தோள் துண்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆவணி முதல் கல்யாணத்தில் நான் பந்தி முகப்பில் நின்றேன். ஒரே ஒரு சட்டத்தை மாற்றினேன்: உப்பும் வாளியும் முறை வைத்து எல்லோருக்கும் வரும். ஒருத்தரே நாள் முழுக்க வாளி தூக்கக்கூடாது, ஒருத்தரே உப்பாக நிற்கவும் கூடாது. கோமு முதல் ஆளாகச் சந்தோஷப்பட்டாள். அவளுக்கும் இடுப்பு வலி வந்திருந்ததாம், வாயு என்று நினைத்திருந்தாளாம்.

நிற்கும்போது என் கை பழக்க தோஷத்தில் தையல் மேலேயே இருந்தது. அன்றைக்குப் பந்தியில் இரண்டு பையன்கள் பரிமாறி முடித்து, அதே மாதிரி வயிற்றில் கை பதித்து, கொஞ்சம் சாய்ந்து நின்றதைப் பார்த்தேன். அடிக்கலாம் போல இருந்தது. கை கழுவ வந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"மேஸ்திரின்னா அப்படித்தாம்வே நிக்கணும். செல்லப்பா நிக்க மாதிரியே நிக்கா பாரும், அதெல்லாம் தானா வாரது."

உப்புக்கு வந்தவர்

ஐப்பசியில் அண்ணாச்சி திரும்பி வந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, பாதியாக இளைத்த ஆள் மாதிரி நின்றார். மேற்பார்வைக்கு நில்லுங்கள் என்றேன். கேட்கவில்லை. எவனும் தன்னைக் குத்திக்காட்டிப் பேசக்கூடாது, சட்டம் சட்டம்தான் என்று அவரே உப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். வெளுத்த சட்டை, பெரிய மீசை, கையில் குட்டிக் கரண்டி. பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சமையற்கட்டுக்குள் ஓடினார்கள். அவர் ஒவ்வொரு இலைக்கும் பைய நின்று, ஓரமாக, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு போனார்.

நடு வரிசையில் ஒரு வெளியூர்க்காரர். அவருக்கு அண்ணாச்சியைத் தெரியாது. தன் இலையில் உப்பைக் காணோம் என்று கையைத் தட்டி, "ஏ உப்பு! இங்கன வா!" என்று கூப்பிட்டார். பந்தியே ஒரு நிமிடம் அப்படியே நின்றது. அண்ணாச்சி திரும்பினார், போனார், குனிந்தார், வைத்தார். வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"ஏளா சரசு, ஒருத்தன் என்னைய உப்புன்னு கூப்பிட்டுட்டான்ளா. அன்னைக்கு ஒனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

மொத்தத்தில், இலையில் ஒரு சொட்டுச் சாம்பார் சிந்தினால் பதறித் துடிக்கிற எங்கள் கூட்டம், சொந்தக் குடல் சரிந்தால் மட்டும் சேலையையும் வேட்டியையும் இழுத்துவிட்டுக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடுகிறது.